14 நாள் என்று சொல்லி 13 நாள் ஓடிய சுகர் சென்சார்: இட்லியைப் பிடிக்கப் போய் தூக்கம் மாட்டிக்கொண்டது

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கையில் ஒட்டிக்கொண்டு ராத்திரி பகலாகச் சுகரை அளக்கும் இந்தச் சென்சார் ஒன்று 5,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. 14 நாள் ஓடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நாளொன்றுக்கு 350 ரூபாய் என்று வையுங்கள், எங்கள் வீட்டில் பாலும் காய்கறியும் சேர்த்தாலே அவ்வளவு ஆகாது. மருந்துக்கடைத் தம்பி பெட்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் "அண்ணாச்சி, நல்லா யோசிச்சுக்கோங்க, பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவருக்கே நான் வாங்குவதில் நம்பிக்கை இல்லை.

எந்த கம்பெனி என்று எழுதப் போவதில்லை. சந்தையில் இருப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன, அதோடு எனக்கும் அவர்களுக்கும் ஒரு சின்னத் தகராறு இருக்கிறது, அது கடைசியில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 51, சுகர் வந்து ஒன்பது வருஷம், மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும், இன்சுலின் இல்லை. சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் மேற்பார்வை வேலை. சிவகாசி என்றால் பட்டாசு என்பீர்கள், எங்களுக்குக் காலண்டர்தான் சோறு. ஆடி 18 அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் அப்புறம் மார்கழி வரைக்கும் மெஷின் நிற்காது, அதனால் எனக்கும் நைட் ஷிப்ட் மாறி மாறி வரும். போன தடவை மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.1 வந்திருந்தது. டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், "இட்லிதான் சார், வேற என்ன" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப அந்த இட்லி என்ன பண்ணுதுன்னு ரெண்டு வாரம் போட்டுப் பாத்துருவோம்" என்றார். நானும் குற்றவாளி சோறும் இட்லியும்தான் என்று முடிவுகட்டித்தான் காசைக் கொடுத்தேன்.

ஒட்டுவது பெரிய விஷயமே இல்லை. மேல்கையின் பின்பக்கம் துடைத்துவிட்டு, ஒரு குப்பி மாதிரி இருப்பதை வைத்து அமுக்கினால் டக்கென்று சத்தம், அவ்வளவுதான். பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வில்லை ஒன்று கையோடு ஒட்டிக்கொள்ளும், அதன் அடியில் முடி மாதிரி ஒரு மெல்லிய இழை தோலுக்குள் போயிருக்கும். வலி என்று சொல்ல முடியாது, விரலில் குத்துவதுதான் எனக்கு அதிக வலி. ஒரு மணி நேரம் கழித்து போனில் இருக்கும் செயலியில், சுகர் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு ஓட ஆரம்பிக்கிறது. அம்மாதான் பார்த்துவிட்டு "என்னய்யா இது, கையில பொத்தான் தச்சிருக்க?" என்று கேட்டார், வீட்டில் இன்றுவரை அதற்குப் பெயர் பொத்தான்தான்.

ஒன்றைப் புரிந்துகொள்ளாவிட்டால் இதைப் போட்டுப் பயந்தே செத்துப்போவீர்கள். இது ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அந்த நீருக்கு வந்துசேர ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, சில சமயம் அதற்கும் மேலோ ஆகும். அதனால் சாப்பிட்ட கையோடு விரலில் குத்திப் பார்த்து "மீட்டர்ல 172, இதுல 148, ஏமாத்துறான்" என்று சண்டைக்குப் போகக் கூடாது. விரலில் குத்தும் மீட்டருக்கே 100-க்கு மேல் போனால் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று சர்வதேசத் தரவிதி சொல்கிறது. முதல் நாள் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உடம்பில் புதிதாக நுழைந்த இழைக்குப் பழக்கம் வர ஒரு நாள் ஆகும். இதில் பார்க்க வேண்டியது தனி எண்ணை இல்லை, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதை.

இரண்டாம் நாள் ராத்திரியே ஒரு கூத்து. இரண்டு மணிக்கு போன் அலறுகிறது, பார்த்தால் 54. மனைவி எழுந்து, லைட்டைப் போட்டு, சீனித் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். எனக்கோ வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, தூக்கம்தான் வருகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 109. விஷயம் என்னவென்றால் நான் அந்தக் கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன், அந்த இடம் அமுங்கியதில் சென்சாரைச் சுற்றியுள்ள நீரோட்டம் குறைந்து பொய்யாக இறங்கிக் காட்டியிருக்கிறது. இது எல்லாச் சென்சாரிலும் நடப்பதுதானாம், ஆனால் அந்தக் குட்டி எழுத்துப் புத்தகத்தில் எங்கேயோ மூலையில் இருந்தது. எந்தப் பக்கம் படுப்பீர்களோ அதற்கு எதிர்க்கையில் ஒட்டுங்கள். இன்சுலினோ, சுகரை இறக்கும் வேறு மாத்திரையோ எடுப்பவர்கள் இதை அலட்சியப்படுத்திவிட்டுத் தூங்கக் கூடாது, விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நேரம், என்ன, எவ்வளவு, முன்னால் எவ்வளவு, உச்சம் எவ்வளவு என்று எழுதினேன். செயலியிலேயே எழுத இடம் இருக்கிறது, ஆனால் அதன் உணவுப் பட்டியலில் பாஸ்தா ஏழு வகை இருக்கிறது, பீர்க்கங்காய்க் கூட்டு இல்லை.

நாலாம் நாள் காலை, நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார். 121-ல் ஆரம்பித்து ஐம்பது நிமிடத்தில் 196. எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது கேழ்வரகுக் கூழ். சுகருக்கு நல்லது, சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்லி, வருஷக்கணக்கில் காலையில் ஒரு சொம்பு குடித்துக்கொண்டிருந்தேன். 117-லிருந்து 212-க்குப் போனது, அதுவும் இட்லியை விட வேகமாக. பிறகு யோசித்தால் காரணம் விளங்குகிறது. நைசாக அரைத்து, நன்றாக வேகவைத்து, கரைத்துக் குடிக்கிறோம், பல்லுக்கு வேலையே இல்லை, வயிற்றில் இறங்கியதும் மாவு சர்க்கரையாகிவிடுகிறது. அதே கேழ்வரகைக் களியாகக் கிண்டி, கீரையோடும் அயிரைமீன் குழம்போடும் அளவாகச் சாப்பிட்ட அன்று 168-ஐத் தாண்டவில்லை. கேழ்வரகில் சத்து இல்லை என்று சொல்லவில்லை, தானியங்களில் கால்சியத்துக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் சிறுதானியம் என்ற பெயர் இருந்தால் எவ்வளவும் குடிக்கலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

மதியச் சோற்றில் ஒரு சோதனை செய்தேன், இந்த 5,000 ரூபாயில் ஒரு 2,000 அதற்கே சரியாகிப் போயிற்று. அதே அளவு பொன்னி அரிசிச் சோறு, அதே கீரை, அதே அவரைக்காய்ப் பொரியல், அதே இரண்டு முட்டை. ஒரு நாள் வழக்கம்போல எல்லாவற்றையும் பிசைந்து அடித்தேன், 207. மறுநாள் பொரியல், கீரை, முட்டை எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து சோற்றுக்கு வந்தேன், 171. இது நான் கண்டுபிடித்தது இல்லை. நியூயார்க்கில் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 சுகர்காரர்களை வைத்து இதையே செய்துபார்த்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள். காய்கறியும் புரதமும் முதலில் போய், மாவுச்சத்துக் கடைசியில் போனால், ஒரு மணி நேரத்தில் ஏறியிருக்கும் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்ததாம். என் கையிலும் அந்தக் கதைதான். என்ன, வெறும் பொரியலைத் தின்றுவிட்டு இலையில் சோற்றுக்காகக் காத்திருப்பது கல்யாண வீட்டில் நடக்காது, பரிமாறுகிறவர் நமக்குச் சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம் புரோட்டா. விருதுநகர் மாவட்டத்துக்காரன் புரோட்டாவைச் சோதிக்காமல் இருந்தால் ஊர்விலக்கு செய்துவிடுவார்கள். ஒரு வேலையாக விருதுநகர் போன அன்று ராத்திரி பத்தரைக்கு எண்ணெய்ப் புரோட்டா நாலு, சால்னா. படுக்கப் போகும்போது 158. அடடே, பரவாயில்லையே என்று சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து கோட்டைப் பார்த்தால் ராத்திரி இரண்டு மணிக்கு 236, காலை ஆறு மணிக்கு 181. கொழுப்பு அதிகமானால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், மைதாவின் சர்க்கரை தவணை முறையில் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்தி "புரோட்டா என்னை ஒண்ணும் பண்ணாது" என்று பீற்றிக்கொள்ளும் ஆட்கள் எல்லாரும் (நானும் அதில் ஒருவன்தான்) அந்த இரண்டு மணிக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு ஸ்பூன், பெரிய தீங்கு செய்யவில்லை என்பதையும் நியாயமாகப் பதிவு செய்கிறேன். மூன்றாவது ஸ்பூனைச் சோதிக்க மனைவி விடவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நல்ல மீட்டரும் பொறுமையும் இருந்தால் ஸ்ட்ரிப்பிலேயே கண்டுபிடித்திருக்கலாம். நான் காசு கொடுத்தது வீண் இல்லை என்று தோன்றியது ஆறாம் நாளிலிருந்துதான். ஆறிலிருந்து ஒன்பதாம் நாள் வரை எனக்கு நைட் ஷிப்ட். ராத்திரி பத்து மணிக்குப் போய் காலை ஆறுக்கு வெளியே வருவேன். வீட்டுக்கு வந்து, குளித்து, எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் வாசலில் காய்கறி வண்டி, எதிர்வீட்டுக் கிரைண்டர், வெயில், எப்படியும் பன்னிரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். நாலு மணி நேரத் தூக்கம், சில நாள் மூன்றரை.

எட்டாம் நாள் காலை, நைட் முடித்து வந்து, நாலாம் நாள் சாப்பிட்ட அதே நாலு இட்லி, அதே தேங்காய்ச் சட்னி, அதே சாம்பார். மனைவியிடம் சட்னிக்குத் தேங்காய்கூட அதே அளவு போடச் சொன்னேன், "இதுக்கு ஒரு தராசு வாங்கிக்கோங்க" என்றாள். 139-ல் ஆரம்பித்து 243. இறங்கவும் இல்லை, மதியம் பன்னிரண்டு வரைக்கும் 170-க்குக் கீழே வரவில்லை. பன்னிரண்டாம் நாள், பொது ஷிப்டுக்கு மாறி மூன்று ராத்திரி ஒழுங்காக ஏழு மணி நேரம் தூங்கிய பிறகு மறுபடியும் அதே நாலு இட்லி. 118-லிருந்து 189. நான் நோட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷமாக இட்லியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், இட்லி அதேதான், சாப்பிடுகிற உடம்புதான் வேறு.

ஒரு ஆள், மூன்று காலை, இதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் இதை ஒழுங்காகச் செய்துபார்த்தவர்கள் இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 ஆரோக்கியமான இளைஞர்களை, சுகர் இல்லாதவர்களை, ஆறு ராத்திரி வெறும் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், 1999-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரே வாரத்தில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டுப்போனது, சாயங்காலம் குறைய வேண்டிய கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறையாமல் நின்றது. தூக்கம் போனால் உடம்பு ஏதோ ஆபத்து என்று நினைத்துக்கொள்கிறது, ஆபத்து என்றால் ஓடுவதற்குச் சர்க்கரை வேண்டும், கல்லீரல் அள்ளிக் கொட்டுகிறது, இன்சுலின் சொல்வதைத் தசை கேட்பதில்லை. கூடவே பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்குகிறது. ராத்திரி இரண்டரை மணிக்கு மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சீனி போட்ட டீயும் ஒரு கை சாத்தூர் காராச்சேவும் எதற்காக உள்ளே போகிறது என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. அதுவும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் ஏறிக்கிடக்கும் அந்த நேரத்தில் கணையம் இன்சுலினைக் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் விடும். அந்த டீயும் காராச்சேவும் மட்டுமே என்னை 194-க்குக் கொண்டுபோனது. பகல் நாலு மணிக்கு அதே டீ, அதே காராச்சேவு, 161.

இன்னொன்று, இதைப் பல பேர் தப்பாகப் புரிந்துகொண்டு ராத்திரிச் சாப்பாட்டை வெட்டிக்கொண்டே போகிறார்கள். ஒழுங்காகத் தூங்கிய நாளிலும் அதிகாலை மூன்றரைக்கு 110 என்று இருந்த கோடு, ஒரு பருக்கைகூட உள்ளே போகாமல், ஆறரைக்கு 140-ஐத் தாண்டுகிறது. நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், கல்லீரல் வேலைக்குக் கிளம்பிவிட்டது. விடியலில் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறுவதால் வருவது இது, சுகர் இல்லாதவர்களுக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும், நமக்கு முடிவதில்லை. வெறும் வயிற்றுச் சுகர் 150 வந்ததற்காக ராத்திரி இரண்டு சப்பாத்தியை ஒன்றாக்கி, அரையாக்கி, கடைசியில் பசியில் தூக்கம் வராமல் புரண்டு அதனாலேயே காலையில் 160 பார்த்தவன் நான். எனக்கு வேலை செய்தது, சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவந்ததும் அதன்பின் தெருமுனை வரை இருபது நிமிடம் நடந்ததும்தான்.

70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று செயலி ஒரு சதவீதம் காட்டும். பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள், ஏறக்குறைய 17 மணி நேரம். நைட் ஷிப்ட் நாலு நாளில் எனக்கு 49. கடைசி நாலு நாளில் 76. மாத்திரை அதே மாத்திரை.

இப்போது தகராறு. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் "சென்சாரை மாற்றவும்" என்று ஒரு செய்தி, அதோடு கதை முடிந்தது. உதவி எண்ணுக்கு அடித்தேன், இருபத்தைந்து நிமிடம் இசை கேட்டேன், பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மீதி ஒரு நாள்தானே இருந்தது, அதற்கெல்லாம் மாற்றித் தர மாட்டோம் என்றார். ஒரு நாள் என்றால் 350 ரூபாய் சார் என்றேன். அதற்கும் மரியாதையாக மறுத்துவிட்டார். பசையும் நம் ஊர் வெயிலுக்குச் செய்தது போலத் தெரியவில்லை, ஐந்தாம் நாளே ஓரம் தூக்க ஆரம்பித்தது, மேலே மருத்துவ டேப் சுற்றிச் சமாளித்தேன். பழைய போன்களில் செயலி வேலை செய்யாது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சில சென்சார்கள் தப்பாக ஏற்றிக் காட்டும், ஸ்கேன் எடுக்கப் போனால் கழற்ற வேண்டி வரலாம், இதையெல்லாம் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

யாருக்கு வாங்கலாம்? இன்சுலின் போடுகிறவர்கள், அடிக்கடி தாழ்சர்க்கரை வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தொடர்ந்தே போடலாம், அவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. என்னைப் போல மாத்திரையில் இருப்பவர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவை போதும், அதுவும் நோட்டுப் போட்டு எழுதத் தயாராக இருந்தால்தான். சும்மா கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்க்கும் ஆளாக இருந்தால் வேண்டவே வேண்டாம், அந்தக் கவலையிலேயே தூக்கம் போய்விடும், அப்புறம் சுகர் ஏறுவதற்குச் சென்சாரே காரணமாகிவிடும். 5,000 ரூபாய்க்கு ஏறக்குறைய இருநூறு ஸ்ட்ரிப் வரும். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்து ஒன்று, நன்றாகத் தூங்கிய நாள் நாலு, தூங்காத நாள் நாலு என்று குத்தினாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். மாத்திரையை மட்டும் கோட்டைப் பார்த்து நீங்களே கூட்டிக் குறைக்காதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அரை மதிப்பெண் அந்தப் பதினான்காம் நாளுக்குப் பிடித்தம்.

தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழற்றினால் தோல் உரியாமல் வரும். கழற்றிய மறுநாள் நோட்டையும் செயலியின் கோட்டுப் படத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் கேழ்வரகைப் பற்றியோ புரோட்டாவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஒழுங்காகத் தூங்கிய ராத்திரிகளில்கூட ஒன்றிரண்டில் கோடு ஒன்றரை மணியிலிருந்தே ஏறுவதை விரலால் காட்டி, "குறட்டை உண்டா?" என்றார். நான் "அப்படியெல்லாம்..." என்று ஆரம்பிப்பதற்குள் மனைவி, "நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது சார், நான் முழிச்சு உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். இருபது வருஷமாக என்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டாள், அல்லது சொல்லி நான் கேட்கவில்லையோ என்னவோ. தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால் ஒவ்வொரு தடவையும் உடம்பு அட்ரினலினை இறைத்து நம்மை எழுப்புமாம், அதற்கும் சுகர் ஏறுமாம். ஒரு ராத்திரி முழுக்க மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் தூக்கப் பரிசோதனைக்கு மதுரையில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் போகிறோம். முதலாளியிடம் கேட்டு இந்த சீசன் முழுக்கப் பொது ஷிப்டே வாங்கியாயிற்று, நைட் படியில் மாதம் கொஞ்சம் குறையும். அடுத்த பொத்தான் தை மாதம், காலண்டர் எல்லாம் ஊரில் சுவரேறிய பிறகு.